எந்தக் குளத்தில் நீந்துவது?

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நண்பர்கள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பையனுக்குப் பத்து வயதாகிறது, நீச்சல் கற்பிக்க வேண்டும், சென்னையில் எந்தக் குளத்தில் சேர்ப்பது?" என்பதே அது. அண்மையில் வக்கீல் நண்பர் ஒருவர் இதைக் கேட்டபோது, உடனிருந்த மற்றொரு வக்கீல் முந்திக்கொண்டு, "எங்கே வேண்டுமானாலும் அனுப்பும்; கார்ப்பொரேஷன் குளத்துக்கு மட்டும் அனுப்பாதேயும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்குளத்தை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று விசாரித்தோம். ஒருமுறையும் பார்த்ததில்லை என்பது குறுக்கு விசாரணையில் வெளியாயிற்று.

தலையங்கப் பக்கத்தில் எழுதுவதற்கு இது அற்ப விஷயம் என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு நகரத்தார் எங்கெங்கே, யாரோடு நீந்துகிறார்கள் என்பதைக் கொண்டே அவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம். சாலையில் நடக்கும்போது நமது உடை நமது அந்தஸ்தைப் பறைசாற்றிக்கொண்டே செல்கிறது. தண்ணீரில் இறங்கினவனுக்கோ அரைத் துணியன்றி வேறு அடையாளமில்லை. ஆகையினாற்றான், மனிதரை மனிதர் விலக்கி வைத்த தேசங்களிலெல்லாம் அவ்விலக்கு நீர்நிலைகளிலேயே மிகக் கடுமையாயிருந்தது. சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் இவ்விஷயத்தில் நமது கணக்கு முடிந்துவிடவில்லை என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலாவது, நீச்சல் வேடிக்கையன்று, உயிர்க்காப்பு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த, அல்லது நடுத்தர வருவாயுள்ள தேசங்களைச் சேர்ந்தவர்கள். நமது சர்க்காரின் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கிலும் அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 30,000-க்கு மேற்பட்டோர் மூழ்கி இறந்ததாகக் காண்கிறோம். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்க வேண்டுமென்பது அந்த உலக ஸ்தாபனம் சொல்லும் முக்கியமான பரிகாரங்களுள் ஒன்று. பள்ளியில் பெருக்கல் வாய்பாடு கற்பிப்பதைப் போன்ற அவசியமே இதுவும்.

நம் முன்னோர் இதற்குப் பள்ளி வைக்கவில்லை, வேண்டியதும் இருக்கவில்லை. ஊர்க் கிணறும் ஏரியும் கோயில் தெப்பக்குளமுமே பள்ளியாயிருந்தன. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமன் கிணற்றில் தள்ளிவிட, பத்து நாளில் நீந்தத் தெரிந்துகொண்டவர்கள் நம் வயதினரிலும் பலருண்டு. சென்னையிலே அந்தப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. ஏரிகள் பல குடியிருப்பாயின. கிணறுகள் பலகையிட்டு மறைந்தன. கோயில் திருக்குளங்களைச் சுற்றி வேலி எழுந்தது. வள்ளல் பச்சையப்ப முதலியார் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டார் என்று சொல்வர். இன்று அக்கூவத்தில் கால் நனைக்கவும் ஒருவர் துணியார். எஞ்சியிருப்பது கடல். மெரினாவின் அலைகளுக்கு அடியில் உள்ளிழுக்கும் நீரோட்டம், நன்றாக நீந்தத் தெரிந்தவனையும் வாரிக்கொண்டு போவதாகும். ஆண்டுதோறும் அங்கே எத்தனை மாணவர்களின் உயிர் போகிறதென்பதைப் பத்திரிகை வாசிப்பவர் அறிவர். கற்கவேண்டியவனுக்குக் கடல் ஆசானன்று, யமன்.

ஆகவே கட்டப்பட்ட குளங்களே வழி. சென்னையில் இவை மூவகை. கனவான்களின் கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் உள்ளவை ஒருவகை. சர்க்காரின் விளையாட்டு ஆணையம் நடத்துபவை மற்றொருவகை. 1995-ல் இங்கே நடந்த தெற்காசிய விளையாட்டுப் பந்தயங்களுக்காக எழுந்த வேளச்சேரிக் குளம் இவ்வினத்தது. மெரினாவிலும் பெரியமேட்டு மைலேடிஸ் பூங்காவிலும் உள்ளவை போன்ற மாநகராட்சிக் குளங்கள் மூன்றாம் வகை.

இவற்றுள் எதைத் தெரிந்தெடுப்பது? கட்டணத்தையும் வாயிற் காவலரின் தலைப்பாகையையும் பாராமல், நான்கு சோதனைகளைச் செய்து பார்க்கும்படி நமது நண்பருக்குச் சொன்னோம். முதலாவது, தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். ஆழமான முனையிலும் அடித்தரை கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாவிடின் அங்கே மூழ்கிக் கிடப்பவனும் தெரியமாட்டான். இரண்டாவது, மருந்து. பி.எச். என்னும் அளவு 7.2 முதல் 7.8 வரையிலும், தண்ணீரில் தனித்து நிற்கும் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருப்பது நலம். இவ்விரண்டையும் தினந்தோறும் சோதித்துப் பலகையில் எழுதுகிறார்களா என்று பார்க்கலாம். நெடி மூக்கைத் துளைத்தால் மருந்து மிகுதி என்றும், ஆகவே சுத்தம் மிகுதி என்றும் பலர் மயங்குகின்றனர். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து பிறக்கும் பொருளின் நெடியே பெரும்பாலும் அது. அதாவது அசுத்தத்தின் அறிகுறி. மூன்றாவது, தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்காத உயிர்காப்பாளர் கரையில் இருக்கவேண்டும். நான்காவது, புதிதாகக் கற்பவனுக்கு மார்பளவுக்கு மேற்படாத ஆழம் வேண்டும். பந்தயக்காரர்களின் ஆழ்குளம் அவனுக்குரியதன்று. இந்நான்கையும் கொண்டு சோதித்தால், சலவைக்கல் பதித்த குளங்கள் சில தோற்பதையும், சுண்ணாம்பு உதிர்ந்த குளம் தேறுவதையும் காணலாம். உறுப்பினர் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் குளோரினுக்கு அது ஈடாகாது.

நிற்க. இச்சோதனைகள் குளத்தின் குணத்தைச் சொல்லும். நமது குணத்தைச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அக்குளத்தின் வாயில் யாருக்குத் திறக்கிறது என்பதே அது.

இத்தேசத்தில் அவ்வாயில்களின் சரித்திரம் பெருமைப்படத் தக்கதன்று. பாரிஸ்டர் மிஹிர் ஸேன் 1958-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து, அச்செயலைச் செய்த முதல் இந்தியர் என்னும் புகழ் பெற்றார். 1966-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தி வந்தவரும் அவரே. அத்தகையவர் தமது கல்கத்தா நகரிலே, வெள்ளையர்க்கென்றே வைத்திருந்த நீச்சல் கழகத்தின் கதவு திறப்பதற்காகப் பத்திரிகைகளின் வாயிலாகப் போராட நேர்ந்தது. ஏகாதிபத்தியம் கப்பலேறிப் போன பின்னும் அதன் நீச்சல் குளம் இங்கேயே தங்கியிருந்தது போலும்!

பம்பாயின் கதை இதனினும் விசித்திரமானது. அங்கே பிரீச் காண்டியில் கடலையொட்டி ஒரு நீச்சல் குளமுண்டு. அதன் வடிவம் பாரத தேசத்தின் படத்தைப் போன்றது. அந்தப் பாரதத்தினுள் இறங்குவதற்குப் பாரதீயனுக்கு உரிமையில்லாதிருந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் அது ஐரோப்பியர் குளமாகவே இருந்தது. இதைக் கேட்டு நமது இரத்தம் கொதிக்கலாம். கொதிக்கட்டும், ஆனால் அதே நகரத்தில் சௌபாத்திக் கடற்கரைப் பக்கத்திலே மற்றொரு குளம் 'ஹிந்து ஸ்நானக் குளம்' என்று தன் வாயிலின் அகலத்தைத் தன் பெயரிலேயே பொறித்துக்கொண்டிருப்பதையும் மறைக்கலாகாது. வெள்ளையன் நம்மை விலக்கினான் என்று வருந்திய நாமே, நம் சகோதரரை விலக்க வேறொரு பலகை எழுதிக்கொண்டோம். தாதரில் சிவாஜி பூங்காவை அடுத்து மாநகராட்சி நடத்தும் குளம் ஒன்றுமுண்டு. அதற்கு மகாத்மா காந்தியின் பெயரை வைத்தார்கள். மூன்றனுள் தேசத்தின் குளம் எதுவென்று நாம் சொல்லவேண்டுவதில்லை.

வெள்ளையனைக் குறை கூறுமுன் மஹாட் நகரத்துச் சௌதார் குளத்தையும் நினைத்துக்கொள்வோமாக. பொதுப் பணத்தில் நிற்கும் நீர்நிலைகள் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-லேயே தீர்மானித்தது. மஹாட் நகரசபையும் அதை ஒப்புக்கொண்டது. ஆயினும் 1927-ஆம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அத்தண்ணீரைக் கையால் முகந்து பருகும்வரையில் அத்தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. பருகிய பின்னரோ, 'தீட்டுப்பட்ட' குளத்துக்குச் சுத்தி செய்தார்கள். பின்பு வழக்குத் தொடுத்தார்கள். அனாதியான வழக்கம் என்று அவர்கள் சொன்னது ருசுவாகவில்லை என்று பம்பாய் ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது 1937-ல். ஒரு குளத்தில் கைவைக்கும் உரிமை கோர்ட்டுகளின் படிகளை ஏறி இறங்கப் பத்து வருஷம் ஆயிற்று.

அந்தப் பத்து வருஷத்தின் பலனை நமது அரசியல் சட்டத்தில் இன்றும் காணலாம். பதினைந்தாம் ஷரத்தின் இரண்டாம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பவற்றை மாத்திரம் காரணமாகக் காட்டி, சர்க்கார்ப் பணத்தால் முழுதுமோ ஒரு பகுதியோ பேணப்படும், அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம், ஸ்நானத் துறை, சாலை முதலியவற்றை எந்தப் பிரஜையும் பயன்படுத்தத் தடை செய்யலாகாது என்று கூறுகிறது. ஸ்நானத் துறையைத் தமது மூலச் சட்டத்திலே பெயர் சொல்லி எழுதவேண்டிய நிலையிலிருந்த தேசத்தார் நாம் என்பது வெட்கம். எழுதிவிட்டோம் என்பது பெருமை.

ஆனால் சட்டத்தால் பிழைக்கும் நாமே சொல்கிறோம்: சட்டம் வாயிலைத் திறக்கும், உள்ளே வரும்படி ஒருவனைக் கட்டாயப்படுத்தாது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவமே சாட்சி. செயிண்ட் லூயிஸ் நகரத்தின் பேர்கிரவுண்ட் பூங்காவில் மாபெரும் நகரசபைக் குளமொன்று வெள்ளையர்க்கென்று இருந்தது. 1949-ஆம் வருஷம் ஜூன் 21-ந் தேதி கறுப்பினச் சிறுவர்களுக்கும் அது திறக்கப்பட்டது. அன்றே கலகம் மூண்டது, நகரத்தலைவர் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு கோர்ட்டின் உத்தரவால் அது மறுபடியும் எல்லார்க்கும் திறந்தது. வெள்ளையர் அதன்பின் கலகம் செய்யவில்லை, வராமல் நின்றுவிட்டார்கள். கூட்டம் குறைந்து, 1956-ல் குளமே மூடப்பட்டது.

மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரத்தார் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அவர்கள் ஐந்து பொதுக்குளங்களை நடத்திவந்தார்கள்; நான்கு வெள்ளையர்க்கு, ஒன்று கறுப்பர்க்கு. இப்பாகுபாடு செல்லாது என்று கோர்ட்டு சொன்னதும், எல்லாரையும் ஒன்றாக நீந்தவிடுவதைவிட ஒருவரும் நீந்தாதிருப்பதே மேலென்று கருதி, குளங்களைக் கைவிட்டனர். வழக்கு வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. எல்லார்க்கும் ஒருங்கே மறுத்தமையால் சமத்துவத்துக்குப் பங்கமில்லை என்று 1971-ல் ஐவர் தீர்ப்பளித்தனர், நால்வர் மறுத்துரைத்தனர். வசதியுள்ளவன் தன் வீட்டுப் புறக்கடையில் குளம் தோண்டிக்கொண்டான்; இல்லாதவனின் பிள்ளை நீச்சல் கல்லாமலே வளர்ந்தது. அத்தேசத்தில் பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று அவர்களது நோய்த்தடுப்பு இலாகாவே கணக்குக் கொடுக்கிறது. பெரியோர் செய்த பகிஷ்காரத்துக்குப் பேரப்பிள்ளைகள் உயிரால் வரி செலுத்துகின்றனர்.

நமது நகரங்களில் இன்று நடப்பதும் ஒருவகை பகிஷ்காரமே. இதில் கலகமில்லை, பலகையில்லை, வழக்குக்கும் இடமில்லை. படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் சந்தடியின்றி விலகிக்கொள்கிறார்கள். 1832-ல் தோன்றிய சென்னை கிளப்பு வெள்ளையர்க்கே உரியதாயிருந்த காலத்தில், இந்தியரும் ஐரோப்பியரும் ஒருங்கே கூட 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப்பு எழுந்தது. வாயிலை அகலமாக்கவேண்டுமென்ற எண்ணம் அன்றே இருந்தது. நம்மவர் கைக்கு வந்தபின் அவ்வாயில்கள் எவ்வளவு அகன்றன? 2014-ல் ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவரே வேட்டி உடுத்தியிருந்ததால் சென்னைக் கிளப்பொன்றில் நுழைய முடியாமற்போனதும், அதன்மேல் நமது சட்டசபை தனிச் சட்டமே இயற்ற நேர்ந்ததும் வாசகர் நினைவிலிருக்கும். வெள்ளையன் போனான், அவன் நின்ற வாயிற்படியில் நாம் நின்றுகொண்டோம்.

"பொதுக் குளம் அசுத்தமாயிருக்கிறது, கூட்டமாயிருக்கிறது, என் பிள்ளையின் உடம்பை வைத்தா தேசபக்தியைப் பரீட்சிப்பது?" என்று நமது நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அசுத்தமான தண்ணீரில் பிள்ளையை இறக்கச் சொல்வோர் யாருமில்லை. மேற்சொன்ன நான்கு சோதனைகளும் மாநகராட்சிக் குளத்துக்கும் உரியவையே. தேறாவிட்டால் இறக்கவேண்டாம். ஆனால் அப்போது செய்யவேண்டியது யாது? கிளப்பு மனுவில் கையெழுத்திடுவதா, கமிஷனருக்குக் கடிதம் எழுதுவதா? பத்து வக்கீல்களும் ஐந்து வைத்தியர்களும் தங்கள் பிள்ளைகளை அனுப்பும் குளத்தில் வடிகட்டும் இயந்திரம் ஒரு வாரம் பழுதாகிக் கிடக்காது. மீனவக் குப்பத்துச் சிறுவனும் ரிக்ஷாக்காரர் மகனும் மட்டும் குளிக்கும் குளத்தில் அது ஒரு வருஷம் கிடந்தாலும் கேட்பார் யார்? அச்சிறுவர்களுக்குக் குரல் இல்லையென்பதன்று. கேட்கவேண்டியவர்களின் காது வேறு குளத்தில் இருக்கிறது. பொதுப் பள்ளிக்கும் பொது ஆஸ்பத்திரிக்கும் நேர்ந்த கதியும் இதுவே. பொதுக் குளம் கெட்டதால் நாம் விலகினோம் என்கிறோம்; நாம் விலகியதால் அது கெட்டது என்பது கணக்கின் மறுபக்கம்.

மாநகராட்சியாரையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே 46 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த இந்நகருக்கு விரல்விட்டு எண்ணத்தக்க பொதுக் குளங்கள் போதுமா? வட சென்னைத் தொழிலாளியின் பெண் நீச்சல் கற்க எத்தனை பஸ் மாறவேண்டும்? பெண்களுக்கென்று பெண் பயிற்சியாளரோடு ஒதுக்கிய நேரம் எத்தனை மணி? தண்ணீர்ச் சோதனையின் முடிவை வாயிலிலே நாள்தோறும் எழுதி வைப்பதில் என்ன கஷ்டம்? நைலான் உடையின்றி இறங்கலாகாது என்னும் விதி பருத்தி நூல் வடிகட்டியை அடைக்காதிருக்கவும் அழுக்குச் சேராதிருக்கவும் வைத்ததானால் அதை ஏற்கிறோம். ஆனால் அவ்வுடை வாங்க இயலாத சிறுவனுக்கு அதைக் குளத்திலேயே வாடகையின்றிக் கொடுக்கவேண்டாமா? சுகாதார விதி வறியவனைத் தடுக்கும் வேலியாகிவிடலாகாது. மாநகராட்சிப் பள்ளிகளின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுமுன் 25 மீட்டராவது நீந்தக் கற்பிப்பதென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினால், அது பல சிலைகளைவிட நெடுநாள் நிற்கும்.

இது கனவென்பார்க்கு ஒரு செய்தி. பாரிஸ் நகரத்தின் செயின் நதியில் நீந்துவது 1923 முதல் தடுக்கப்பட்டிருந்தது. சுமார் 140 கோடி யூரோ செலவிட்டு நதியைச் சுத்தம் செய்து, 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுஜனங்கள் கட்டணமின்றி இறங்கி நீந்த வழிசெய்தார்கள். அவர்கள் சாக்கடையாயிருந்த நதியைக் குளமாக்கினார்கள். நாம் இருக்கும் குளத்தைக் காப்பாற்றவாவது முன்வரலாகாதா?

இதை எழுதும் நாமும் குற்றத்தினின்று நீங்கியவரல்லோம். நமது சட்டைப்பையிலும் ஒரு கிளப்பு அட்டை நெடுநாள் இருந்தது. நமது மகனும் சென்ற வருஷம் வரை அங்கேதான் நீந்தினான். அக்கேள்வியை நண்பர் கேட்ட மறுநாட்காலை மெரினாக் குளத்துக்கு அவனை அழைத்துச் சென்றோம். சீட்டு வாங்க வரிசையில் நின்றோம். தண்ணீரில் இறங்கின கால் மணியில், திருவல்லிக்கேணிச் சிறுவனொருவன் நம் மகனுக்கு முங்கிக் காசெடுக்கும் வித்தையைக் கற்பித்துக்கொண்டிருந்தான். கிளப்பில் மாதக் கட்டணம் வாங்கிய ஆசிரியர் அதைக் கற்பித்ததில்லை. வெளியே வரும்போது, உடைந்திருந்த குழாய் ஒன்றைப் பற்றி அங்கிருந்த புகார்ப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். அடுத்த வாரமும் சென்று குழாயைப் பார்ப்போம்.

நண்பர்களுக்கு நமது பதில் இதுவே: சோதித்துப் பாருங்கள், தேறினால் பொதுக் குளத்தில் சேருங்கள், தேறாவிட்டால் அது தேறும்வரை வாதாடுங்கள். வாதாடுவதற்கன்றோ நாம் படித்தோம்!